ஆகாய ராஜாவின் வெள்ளை உடுப்பு

அமிர்தம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது அறிவை வளர்ப்பதற்காக அல்ல. ஓர் ஆள் மேல் வந்த சந்தேகத்தால்.

அந்த ஆள் வேதநாயகம் சார். திருப்பனந்தாளுக்குக் கிழக்கே நல்லாண்டகுடி மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பள்ளி விட்டதும் சைக்கிளை வாய்க்கால் மதகில் சாய்த்துவிட்டு, நடவுப் பெண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். தனியாகச் சிரிப்பார். சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து ஏதோ குறித்துக்கொள்வார். பிறகு ஒரு நாள், சார் எழுதிய புத்தகம் வந்துவிட்டது, அதில் அமிர்தம் என்ற பெயரிலேயே ஒருத்தி வருகிறாள் என்று ஊரெல்லாம் பேச்சானது. அன்றிலிருந்து அமிர்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் பற்றி என்னத்தை எழுதி வைத்திருக்கிறாரோ? கேட்டால் சிரிக்கிறார். வாசித்துக் காட்டச் சொன்னால், வாசிக்கிறவன் நாலு வரி விட்டு வாசித்தால் யாருக்குத் தெரியும்? அறிவொளி இயக்கத்துக்காரர்கள் சிலேட்டும் சாக்பீசுமாக ஊருக்குள் வந்தபோது, முதல் வரிசையில் போய் உட்கார்ந்தது அவள்தான்.

எட்டு மாதத்தில் முழுப் புத்தகத்தையும் முடித்தாள். முடித்த மறுநாள் சார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு தப்பு இருக்குங்க சார். அன்னிக்கு நான் வெத்தலை போடல."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் சரிதான். இருந்துட்டுப் போகட்டும்."

இரண்டாம் பதிப்பில் சார் வெற்றிலையை எடுத்துவிட்டார்.

புத்தகத்தின் பெயர் 'ஆகாயத்து ஆட்கள்'. வேறொரு நட்சத்திரத்திலிருந்து பூமியைப் பிடிக்க ஆறு பேர் ஒரு கப்பலில் வருகிறார்கள். ஆளுக்கு மூன்று கால். இறங்கிய இடம் நல்லாண்டகுடியில் நடவு நடக்கிற வயல். ஆண்களெல்லாம் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டதால் ஆள் பஞ்சம். வந்தவர்களை வெளியூர்க் கூலியாள் என்று நினைத்து, அமிர்தம் சேற்றில் இறக்கிவிடுகிறாள். மூன்று கால் இருப்பதால் அவர்கள் நன்றாகவே நடுகிறார்கள். ராஜா மட்டும் குனிய மாட்டேன் என்கிறான்.

நடவு வயலில் ஒரு வழக்கம் உண்டு. வேற்றாள் யாராவது வரப்பில் வந்து நின்றால், நடவுப் பெண்கள் ஒரு நாற்றுமுடியை அவர் காலடியில் வைப்பார்கள். வெற்றிலை பாக்குக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் அதைத் தாண்ட வேண்டும். கலெக்டரே ஆனாலும் சரி. கொடுக்காமல் தாண்டினால் சேறு பூசுவார்கள். பூசப்பட்டவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாவலில் ஆகாய ராஜா நாற்றுமுடியைத் தாண்டிவிடுகிறான். அமிர்தம் இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அவன் முகத்தில் அப்புகிறாள். அதன் பிறகுதான் அவன் குனிகிறான். கடைசியில் பூமி வேண்டாம், ஒரு மரக்கால் விதைநெல் போதும் என்று வாங்கிக்கொண்டு போகிறான். அந்த இடத்தைப் படித்துச் சிரிக்காதவர்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் இல்லை. கும்பகோணத்துக் கல்லூரிப் பெண்கள் பஸ் பிடித்து வந்து, "நீங்கதான் அந்த அமிர்தமா?" என்று கேட்டு, அவளோடு வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

சார் இறந்து ஆறாவது வருஷம் அருள்பிரகாஷ் வந்தான். எஸ்.டி.டி. பூத்துகள் எல்லாம் நெட் சென்டர்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. சாரிடம் படித்த பையன். அதே ஊரில் பத்து வேலி நிலம் வைத்திருந்தவர் பேரன். என்ஜினியரிங் படித்து, அமெரிக்காவில் பத்து வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்து, சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு சினிமா எடுக்கத் திரும்பியிருந்தான். சாரின் மனைவி அக்னஸ் டீச்சர், தன் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை என்று, நீட்டிய காகிதத்தில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆனி மாதக் கடைசியில் படப்பிடிப்பு ஆரம்பித்தது. நட்டுப் பத்து நாள் ஆன ஒரு குறுவை வயலை வாடகைக்குப் பிடித்தார்கள். நடுவில் ஆகாயக் கப்பலை இறக்கினார்கள். பிளைவுட்டும் தகரமுமாக, கவிழ்த்த இட்லிக் குண்டான் போல இருந்தது. அமிர்தத்தின் நடவு செட்டில் இருந்த இருபத்திரண்டு பெண்களையும் பின்னால் நின்று நடுகிற மாதிரி நடிப்பதற்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆகாய ராஜாவாக அருள்பிரகாஷே நடித்தான். பாம்பேயில் செய்து வந்த வெள்ளை வெளேரென்ற ரப்பர் உடுப்பு. மூன்றாவது கால் பின்பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

"நானும் காவிரித் தண்ணி குடிச்சவன்தான்" என்று முதல் நாளே எல்லோரிடமும் சொன்னான். சொல்லிக்கொண்டே நாற்றை மிதித்தான்.

எல்லோரும் அவனை சார் என்றார்கள். அமிர்தம் தம்பி என்றாள். அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும், இன்னும் கொஞ்சம் சத்தமாகத் தம்பி என்றாள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் தியாகராசன் சென்னைக்காரர். தலைக்கு மை, காலுக்கு மாட்டு லாடம் போல ஒரு செருப்பு. அவர் ஒரு நோட்டில் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க அண்ணே எழுதுறீங்க?"

"கன்டினியூட்டிம்மா. இதுக்குன்னு ஒருத்தன் வந்தான், டைரக்டர் போட்ட சத்தத்துல ரெண்டாம் நாளே ஓடிட்டான். யாரு என்ன போட்டிருந்தாங்க, சேலை எங்க நனைஞ்சிருந்துது, எல்லாம் எழுதணும். இன்னிக்குப் பாதி எடுத்துட்டு அடுத்த மாசம் மீதி எடுப்பாங்க. ரெண்டும் ஒட்டணும்ல?"

"ஒட்டலைன்னா?"

"தூக்கிப் போட வேண்டியதுதான்."

அமிர்தம் அதைக் கேட்டுக்கொண்டாள். அப்போது அது அவளுக்குத் தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது முதல் கட்டப் படப்பிடிப்பின் கடைசி நாள் மத்தியானம். அன்றுதான் படத்தில் வரும் அமிர்தம் வயலில் இறங்கினாள். இறங்கியது ரெமிஜியஸ் என்கிற டிவி காமெடி நடிகன். வேளாங்கண்ணிப் பக்கத்துப் பையன். சேலைக்குள் இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்து, முகத்தில் கரியைப் பூசி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற பொய்ப் பல் மாட்டியிருந்தார்கள். நாற்றுமுடியைக் கொண்டுபோய் ராஜா காலடியில் வைத்தான். ராஜா அதை எட்டி உதைத்தான். "அய்யய்யோ ராஜா, அமிர்தம் தெரியாம பண்ணிட்டேன் ராஜா" என்று ரெமிஜியஸ் திரும்பிக் குனிய, ராஜா அவன் பின்பக்கத்தில் ஓங்கி ஓர் உதை விட்டான். லைட் பிடித்தவன் முதல் டீ கொடுத்தவன் வரை எல்லோரும் சிரித்தார்கள். நடவுப் பெண்களும் வாய் விட்டுச் சிரித்து, பிறகு ஒவ்வொருத்தியாக அமிர்தத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

நாலாவது தடவை உதை சரியாக விழுந்தது. சேற்றில் விழுவதை எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. விழுவது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

அமிர்தம் கையைக்கூடக் கழுவாமல் போய் அவன் முன்னால் நின்றாள்.

"தம்பி, புத்தகத்துல இப்படி இல்லையே."

"சினிமா வேற, புத்தகம் வேற அமிர்தம். ஜனங்க சிரிக்கணும்."

"என்னப் பாத்தா?"

"உன்னப் பாத்து யாரு சிரிச்சா? கேரக்டரப் பாத்து."

"அப்ப பேர மாத்திக்குங்க. அஞ்சலைன்னு வைங்க, அலமேலுன்னு வைங்க."

"அதெப்படி? பேருதானே ஃபேமஸ்!"

"உதையாவது எடுத்துடுங்க."

"அதுதான் இன்டர்வல். அதுக்குத்தான் தியேட்டரே இடியப் போகுது" என்று சொல்லி, மூன்றாவது காலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். நாலு அடி போய்த் திரும்பினான். "டீச்சர் எல்லா உரிமையும் எழுதிக் குடுத்துட்டாங்க. தெரியும்ல?"

அவளுக்குத் தெரிந்தது வேறு. ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அவளை யாரும் உதைத்ததில்லை. இவனுடைய தாத்தா காலத்தில் உதைக்கப் பார்த்தார்கள், அதற்கும் ஒரு கதை இருக்கிறது, அதைப் புத்தகத்தில் எழுத வேண்டாம் என்று சாரிடம் அவளே சொல்லியிருந்தாள். இப்போது இந்தப் படம் வந்தால், அவள் எந்த வயலில் இறங்கினாலும் அந்த உதை அவளுக்கு முன்னால் இறங்கும். பத்திரிகைக்காரன் வருவான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் காலைத் தூக்கிக் காட்டும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் மகன் பரிதி, தங்கியிருக்கிற டார்மிட்டரி முழுக்க, "புத்தகத்துல வர்ற அமிர்தம் எங்கம்மாதாண்டா" என்று சொல்லி வைத்திருக்கிறான். அவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்ப்பார்கள்.

சாயங்காலம் சாமான்களை லாரியில் ஏற்றும்போது, அருள்பிரகாஷ் வரப்பில் ஏறி நின்று ஊராரைப் பார்த்துச் சொன்னான்: "கப்பல் இங்கேயே இருக்கும். நாங்க வர்ற வரைக்கும் வயல் இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். ஒரு இலை மாறக் கூடாது. யார் பாத்துக்குறீங்க?"

ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நெல்லுப் பயிரை வளராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிற ஒருவனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. செந்தாமரை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் நடவு செட்டில் அமிர்தத்துக்கு அடுத்தவள், கொஞ்சம் ஓட்டை வாய். அமிர்தம் அவள் காலை மிதித்தாள்.

"நான் பாத்துக்கறேன் தம்பி."

தியாகராசனுக்கு மட்டும் லேசாக உறுத்தியது. "ஏம்மா, இது இப்படியே இருக்குமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டைரக்டரையே கேளுங்க அண்ணே. இந்த மண்ணுல பொறந்தவரு. அவருக்குத் தெரியாததா?"

கேட்டார். "பத்து வேலிக்காரன் பேரன்கிட்ட வந்து வயலப் பத்திப் பாடம் எடுக்கறியாய்யா?" என்று அத்தனை பேர் எதிரிலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு அவர் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

அமிர்தம் நேரே அக்னஸ் டீச்சர் வீட்டுக்குப் போனாள். நடந்ததைக் கேட்டு டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேனே அமிர்தம். படிச்ச நானு."

"அழுவாதீங்க டீச்சர். நம்ம வீட்டு நாற்றங்கால்ல விதை விடணும், ஒரு நாள் பாத்துச் சொல்லுங்க. ஆடி கடைசியில வர்ற மாதிரி."

"ஆடியிலயேவா? சம்பாவுக்கு இன்னும் நாள் இருக்கே."

"இது சம்பாவுக்கு இல்ல" என்றாள் அமிர்தம்.

பரிதி அனுப்பிய பணத்தில் வாங்கிய நாலு மா நிலம், ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், அவளுக்கு இருந்தது. படம் எடுத்த வயலுக்கு அடுத்த வயல். போர்வெல் இல்லாததால் அந்தக் குறுவைக்குச் சும்மா கிடந்தது. அதே பனை மரங்கள் பின்னால் தெரியும், அதே மதகு. ஒரு நாள் அவள் அந்த வரப்பில் நின்று, கப்பலையும் பனையையும் தன் நிலத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பக்கத்து மோட்டார்க்காரரிடம் தண்ணீருக்குச் சொல்லி வைத்தாள். ஆடிக் கடைசியில் நாற்று விட்டாள்.

ஆவணி பிற்பகுதியில் மூன்று காரும் இரண்டு லாரியும் வந்தன. அருள்பிரகாஷ் காரிலிருந்து இறங்கி, வெயில் கண்ணாடியைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தான். மறுபடி கழற்றினான். வயல் முழுக்கக் கதிர் வந்து பால் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகாயக் கப்பல் மேல்மூடி மட்டும் தெரிகிற மாதிரி பயிருக்குள் முங்கிக் கிடந்தது. மூடி மேல் இரண்டு கொக்கு.

"என்ன பண்ணி வச்சிருக்கே?" குரல் கீச்சென்று வந்தது.

"நான் ஒண்ணும் பண்ணல தம்பி. அதுவா வளந்துது."

"அப்படியே இருக்கணும்னு சொன்னேன்ல!"

"சொன்னீங்க. நானும் தினம் வந்து பயிர்கிட்டச் சொன்னேன். கேக்கல."

ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அமிர்தம் சிரிக்கச் சொல்லவில்லை என்பதால் அடக்கிக்கொண்டு நின்றார்கள். கிராபிக்ஸ்காரனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் வயலைப் பார்த்து, "ஒவ்வொரு பயிரா அழிக்கணும் சார், எனக்குக் கல்யாணம் ஆகணும்" என்றான். தியாகராசன் கார் எடுத்துக்கொண்டு சுற்றுப்பக்கம் நாற்பது கிராமம் அலைந்துவிட்டு வந்தார். எல்லா இடமும் கதிர். இல்லாவிட்டால் தரிசு. சம்பா நாற்று எங்கேயும் விரல் உயரம்கூட வரவில்லை. புத்தகத்தில் இல்லாமல் படத்துக்கென்று சேர்த்திருந்த கதாநாயகனும் கதாநாயகியும் கும்பகோணத்து லாட்ஜில் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து நாளுக்கு மேல் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை அருள்பிரகாஷ் அமிர்தத்தின் வீட்டு வாசலுக்கு வந்தான். அந்தத் தெருவுக்குள் அவன் குடும்பத்து ஆள் ஒருத்தர் வந்தது அதுதான் முதல் தடவை.

"அமிர்தக்கா" என்றான்.

அக்கா என்று முதல்முறையாக வந்தது. அவள் அதைக் காதில் வாங்கியும் வாங்காத மாதிரி முறத்தில் உளுந்தைப் புடைத்தாள்.

"உங்ககிட்ட நாத்து இருக்குன்னு தியாகராசன் சொன்னாரு."

"இருக்கு. முப்பது நாள் ஆகப் போவுது. பறிச்சு நட்டு ஒரு வாரம் விட்டா, அன்னிக்கு இருந்த மாதிரி நிக்கும்."

"நடுங்க. உடனே நடுங்க."

"நட்டுடலாம். மூணு சங்கதி இருக்கு." முறத்தைக் கீழே வைத்தாள். "உதை இருக்கக் கூடாது. புத்தகத்துல இருக்கற மாதிரி ராஜாவுக்குச் சேறு பூசணும். பூசறது நானு. அந்த ரெமிஜியஸ் தம்பி இல்ல."

அவன் பல்லைக் கடிப்பது கன்னத்தில் தெரிந்தது. "சரி" என்றான்.

"இன்னொண்ணு. சேறு பூசறதத்தான் முதல்ல எடுக்கணும். மத்தது எல்லாம் அப்புறம்."

"அது ஏன்?"

"எனக்குச் சினிமா புதுசு. மனசு மாறிடும்."

அவன் கை கொடுத்தான். அந்தக் கையைப் பிடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இவன் ஏமாற்றுவான் என்று. ஏமாற்றட்டும் என்றுதான் இருந்தாள்.

இருபத்திரண்டு பேரும் விடியற்காலை இறங்கி மத்தியானத்துக்குள் நாலு மாவையும் நட்டு முடித்தார்கள். முதல் வயல் கைபோன போக்கில் நட்டது. அங்கே ஒரு குத்து, இங்கே ஒரு குத்து, அந்தப் பக்கத்து வழக்கம் அது. இந்த முறை அமிர்தம் கயிறு கொண்டு வந்திருந்தாள். வேளாண்மை ஆபீசர் வந்து காட்டிக் கொடுத்த மாதிரி, இரண்டு பக்கமும் கயிறு பிடித்து, கோடு கிழித்தாற்போல் வரிசை நடவு.

"எதுக்குக்கா இந்தக் கண்றாவி? இடுப்பு ஒடியுது" என்றாள் செந்தாமரை.

"ஒடியட்டும். ஒரு குத்து கூட வரிசை தப்பக் கூடாது."

அருள்பிரகாஷ் வரப்பிலிருந்து பார்த்தான். பச்சையாக இருந்தது. கப்பலை நாற்பது பேர் தூக்கி வந்து வைத்தார்கள். பனை மரம் அதே இடத்தில் நின்றது. "அப்படியே இருக்கு!" என்று கை தட்டினான். தியாகராசன் நோட்டைப் புரட்டினார். அதில் சேலை நிறம் இருந்தது, செருப்பு இருந்தது, மூன்றாவது கால் எந்தப் பக்கம் தொங்கியது என்று இருந்தது. நாற்றை எப்படி நட்டிருந்தார்கள் என்று அவர் எழுதியிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கேமராவை வைத்தார்கள். அமிர்தம் தன் சொந்தச் சேலையில், முண்டாசு கட்டி இறங்கினாள். ரெமிஜியஸ் பொய்ப் பல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "அன்னிக்கு நான் பண்ணினது தப்புதாங்கம்மா. வயித்துப் பொழைப்பு" என்றான். "உன்னைச் சொல்லல தம்பி, ஓரமா நில்லு, தெறிக்கும்" என்றாள்.

நாற்றுமுடியை ராஜா காலடியில் வைத்தாள். வெள்ளை உடுப்பு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ராஜா தாண்டினான். அமிர்தம் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். ஆற்றுப் படுகைக் களி, கருங்குழம்பு போல. அள்ளியதை அவன் முகத்தில் அப்பினாள்.

"கட்! கட்!" அவன் தும்மினான்.

"கண்ண மூடிட்டீங்களே தம்பி. ராஜா கண்ண மூடுவாரா?"

கேமராமேன், "அந்தம்மா சொல்றது கரெக்ட் சார், மூடிட்டீங்க" என்றான். முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி வந்தான். இரண்டாவது தடவை நெஞ்சில். மூன்றாவது தடவை காதில். நாலாவது தடவை, சத்தம் போட வாயைத் திறந்தபோது வாயில். ஒவ்வொரு தடவையும் அமிர்தமே ஒரு குறை கண்டுபிடித்தாள். முடி விலகிவிட்டது. நிழல் விழுந்துவிட்டது. ஏழாவது தடவை, "என் மனசுக்கு ஒட்டல தம்பி" என்றாள். அதற்குள் வரப்பில் பாதி ஊர் வந்து குந்திவிட்டது. பதினோராவது தடவை அவன் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். அந்தக் கண்ணில் நடிப்பு எதுவும் இல்லை. ராஜாவாக இருந்து களைத்துப் போய், எல்லோரும் பார்க்க அழுகை முட்டிக்கொண்டு நிற்கிற ஓர் ஆள் இருந்தான்.

"இப்ப சரி" என்றாள் அமிர்தம். போய் வாய்க்காலில் கை கழுவினாள்.

உடுப்பைச் சோப்புப் போட்டுக் கசக்கினார்கள். பெட்ரோல் போட்டுத் துடைத்தார்கள். களி ரப்பருக்குள் இறங்கிவிட்டது. வெள்ளை போய் எருமைக் கன்று நிறத்துக்கு வந்திருந்தது. இருப்பதே ஓர் உடுப்புதான் என்று தியாகராசன் முதல் மாதமே பேச்சுவாக்கில் அவளிடம் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு காட்சியிலும் ஆகாய ராஜா சேறு பட்ட ராஜாதான். நடுகிறபோதும் சேறு, கதாநாயகியிடம் விடை பெறுகிறபோதும் சேறு. அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்று காட்டாமல் இனிப் படமே இல்லை.

கடைசி நாள் பெண்கள் எல்லோரும் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்த நேரம், சேறு பூசியவளை யாரோ ஒரு நடவுக்காரி ஆக்கிவிடலாம் என்ற கணக்கில், அருள்பிரகாஷ் ரெமிஜியஸுக்கு மறுபடி சேலையும் பல்லும் மாட்டி, வயலின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போனான். செந்தாமரைதான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, அங்க பாரு! விழறத எடுக்குறானுவ! நம்பிக்கைத் துரோகி, வாக்குக் குடுத்துட்டு..."

"சாப்பிடு."

"என்னக்கா நீ?"

"குழம்பு ஆறிப்போவுது. சாப்பிடுடி."

தூரத்தில் ரெமிஜியஸ் சேற்றில் குப்புற விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். ஒரு தடவை எழும்போது இவர்கள் பக்கம் பார்த்துத் திகைத்து நின்றான். அமிர்தம் சோற்றுக் கையாலேயே, விழு விழு என்று சைகை காட்டினாள். வரிசை வரிசையாக, கோடு கிழித்த நாற்றுக்கு நடுவில் அவன் அழகாக விழுந்தான்.

ஐப்பசியில் போன் வந்தது. பரிதி வாங்கி அனுப்பியிருந்த செல்போனில், சென்னை நம்பர்.

"எடிட்டிங்ல பாக்கறேன்" என்றான் அருள்பிரகாஷ். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "உதைக்கிறது ஒரு வயல்ல இருக்கு. விழறது வேற வயல்ல இருக்கு. இங்க சின்னப் புள்ளகூடக் கேக்குது, அந்தம்மா எந்த ஊர்லேருந்து எந்த ஊருக்குப் போய் விழுந்தாங்கன்னு. ஒண்ணு கண்டபடி நட்டிருக்கு, ஒண்ணு கயிறு போட்டு நட்டிருக்கு! விழாம உதைய மட்டும் வச்சா ஒருத்தனுக்கும் சிரிப்பு வரல!"

"அப்படிங்களா."

"வேணும்னேதானே பண்ணினே?"

இந்த இடத்தில் இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் அவள் நினைத்து வைத்திருந்தாள். ஆனால் கேட்டதும் நாக்கு நிற்கவில்லை.

"ஆமா. வேணும்னேதான் பண்ணினேன். பேர மாத்துங்கன்னு கேட்டேன், முடியாதுன்னீங்க. உதைய எடுங்கன்னு கேட்டேன், சரின்னுட்டு நான் சோறு திங்கற நேரம் பாத்துத் திருடுனீங்க. சேறு பூசினதயும் தூக்கிப் பாருங்களேன். அப்புறம் ராஜா எதுக்கு அழுக்கா நிக்கிறாருன்னு அந்தச் சின்னப் புள்ள கேக்கும்."

வைத்துவிட்டானா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. அவளே வைத்தாள்.

பொங்கல் கழித்துப் படம் வந்தது. கும்பகோணத்தில் மத்தியான ஆட்டத்துக்கு இருபத்திரண்டு பேரும் லோடு வண்டியில் போனார்கள். அக்னஸ் டீச்சரை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். 'நாவல்: வேதநாயகம்' என்று திரையில் எழுத்து வந்தபோது, டீச்சர் அமிர்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

உதை இல்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சேறு வந்தது. அமிர்தம் தன் உருவத்தை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. ஒரு கை மட்டும் பனை உயரம் இருந்தது. அந்தக் கை அப்பியதும் தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. முன் வரிசையில் யாரோ "இன்னொண்ணு போடு ஆத்தா!" என்று கூவினான். திரை முழுக்க அருள்பிரகாஷின் முகம். பதினோராவது தடவை. அந்தக் கண்.

படம் விட்டு வெளியே வந்தபோது அவள் போன் அடித்தது. பரிதி. சிங்கப்பூரில் ஆட்டம் முடிந்து, கூட இருந்த பையன்கள் எல்லோரும் அவளோடு பேச வேண்டும் என்று போனைப் பறித்துக்கொண்டார்கள். பேசி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.

"கிளம்புக்கா" என்றாள் செந்தாமரை. "வண்டிக்காரன் கத்துறான்."

அமிர்தம் போனை மடியில் செருகிக்கொண்டு டிக்கெட் கவுண்டர் பக்கம் பார்த்தாள். சாயங்கால ஆட்டத்துக்கு வரிசை கட்டியிருந்தார்கள்.

"இன்னொரு தடவை பாக்கணும்."

"போதும் அமிர்தம்" என்றார் அக்னஸ் டீச்சர். "மூஞ்சிய இவ்வளவு பெருசாக் காட்டுறானே. பாவமா இருந்துச்சு. எங்க வீட்ல சாப்பிட்ட புள்ள."

"எனக்குப் பாவமா வரல டீச்சர். வருமான்னு பாக்கத்தான் முதல் தடவை வந்தேன்."

"அப்ப இப்ப எதுக்கு?"

"இது எனக்கு."

டீச்சர் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, லோடு வண்டிக்காரனிடம் இன்னும் மூணு மணி நேரம் ஆகும் என்று சொல்லப் போனார். அமிர்தம் முண்டியடித்து வரிசையில் புகுந்து, இருபத்து மூன்று டிக்கெட் கேட்டாள். முன் வரிசை இருந்தால் நல்லது என்றாள்.